முன்னால் நடக்கப்போகிறவர் யார்?

ஆப்பிரிக்காவில் எருமை வேட்டைக்கோ யானை வேட்டைக்கோ முன்பதிவு செய்தால் ஓர் ஒப்பந்தம் வரும். சஃபாரி நிறுவனத்தின் பெயர், வேட்டைப் பகுதி, பத்து நாளா பதினான்கு நாளா, நாள் கட்டணம், விலங்குக்குத் தனிக் கட்டணம், முன்பணம், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என எல்லாம் அதில் இருக்கும். இருபது மீட்டர் தூரத்தில் ஓர் எருமை புதரைப் பிளந்துகொண்டு வரும்போது அதற்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கப்போகிறவரின் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. "எங்கள் அனுபவமிக்க பி.எச்.களில் ஒருவர் உடன் வருவார்" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். பி.எச். என்றால் புரொஃபஷனல் ஹண்டர், வேட்டையை முன்னின்று நடத்தும் உரிமம் பெற்ற வழிகாட்டி. இந்த ஒரு வரி நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. .375 துப்பாக்கி வாங்கலாமா .416 வாங்கலாமா (குண்டின் விட்டம், அங்குலத்தில்) என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள்கூட இந்த வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

வேட்டை கூடுமா கூடாதா என்ற வாதத்துக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை. கென்யா 1977ல் வேட்டையை மூடியது. போட்ஸ்வானா 2014ல் நிறுத்தி 2019ல் மறுபடி திறந்தது. ஜிம்பாப்வே, சாம்பியா, தான்சானியா, மொசாம்பிக், நமீபியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் அது சட்டப்படி நடந்துகொண்டிருக்கிறது. நடக்கிறவரை, விலங்கு அரைகுறையாக அடிபட்டுத் தவிக்கக் கூடாது, தடம் பார்க்கிறவர் முதல் வாடிக்கையாளர் வரை யாரும் உயிரை விடக் கூடாது. இந்த இரண்டும் துப்பாக்கியைவிட வழிகாட்டியைத்தான் நம்பி இருக்கின்றன. அவரைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை எருமை வீழ்த்தினார் என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை என்பது என் உறுதியான கருத்து. காயம்பட்டுப் போன எருமைகளை அவர் எப்படி முடித்தார், எத்தனை முறை சுட வேண்டாம் என்று சொல்லித் திரும்பினார் என்பதைக் கேட்க வேண்டும்.

உரிமம் சொல்வதும் சொல்லாததும்

எல்லா நாட்டு உரிமமும் ஒரே எடை கொண்டதல்ல. ஜிம்பாப்வேயில் இதற்கான வழி நீளமானது. முதலில் எழுத்துத் தேர்வு: வனவிலங்குச் சட்டம், விலங்குகளின் பழக்கமும் வாழிடமும், துப்பாக்கியும் தோட்டாவும், பொது என்று நான்கு தாள்கள். அதில் தேறினால் வேலை பழகுகிறவருக்கான உரிமம். பிறகு குறைந்தது இரண்டு ஆண்டுகள் முழு உரிமம் பெற்ற ஒருவரிடம் வேலை கற்க வேண்டும். அந்தக் காலத்தில் பெரிய, ஆபத்தான விலங்குகளுக்கு வாடிக்கையாளரைத் தனியாக அழைத்துப் போக முடியாது. வேட்டையாடியதையெல்லாம் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும், சுடும் தேர்வும் முதலுதவிச் சான்றிதழும் வேண்டும். கடைசியில் காட்டுக்குள் சுமார் ஒரு வாரம் நடக்கும் தகுதித் தேர்வு. வனவிலங்குத் துறை அதிகாரிகளும் மூத்த வழிகாட்டிகளும் பக்கத்திலேயே இருந்து பார்ப்பார்கள். முகாம் போடுவது, வண்டியின் நிலை, சாப்பாட்டு ஏற்பாடு, துப்பாக்கியை ஏந்தும் விதம், யானையை நெருங்கிச் சுடுவது, அறுத்துப் பிரிப்பது எல்லாம் மதிப்பிடப்படும். போகிறவர்களில் கணிசமானோர் முதல் முறை தேறுவதில்லை. முழு ஜிம்பாப்வே உரிமத்துக்கு வேட்டை உலகில் இருக்கும் மதிப்பு இதனால் வந்தது.

தென்னாப்பிரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பத்து நாள் பயிற்சி, பிறகு மாகாண அரசு தரும் உரிமம். அங்கே பிரமாதமான வழிகாட்டிகள் ஏராளமாக இருக்கிறார்கள். ஆனால் கையில் அந்த அட்டை இருப்பதாலேயே ஒருவர் அடர்ந்த புதருக்குள் அடிபட்ட எருமையைத் தொடர்ந்தவர் என்று ஆகிவிடாது, அதைத் தனியாக விசாரிக்க வேண்டும். அங்கே எருமை வேட்டையில் பெரும்பகுதி வேலியிட்ட பண்ணைகளில் நடக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நமீபியா உரிமத்திலேயே படி வைத்திருக்கிறது. சொந்தப் பண்ணையில் மட்டும் வழிகாட்டக்கூடியவர் தொடங்கி, பெரிய விலங்குகளுக்கென்று தனித் தகுதி பெற்றவர் வரை நான்கு நிலைகள். யானைக்கு அந்தக் கடைசி நிலையில் உள்ளவர்தான் வேண்டும். ஆகவே "லைசென்ஸ் இருக்கிறதா" என்று கேட்டால் போதாது, எந்த நாட்டு உரிமம், எந்த நிலை, எந்த ஆண்டிலிருந்து என்று கேளுங்கள். நேர்மையான நிறுவனம் உரிமத்தின் நகலை அனுப்பத் தயங்காது.

உரிமத்தில் தெரியாத இன்னொரு விஷயம், அந்த ஆளுக்கு அந்தக் காடு எவ்வளவு பழக்கம் என்பது. வழிகாட்டிகளில் பலர் எந்த நிறுவனத்திலும் நிரந்தரமாக இருப்பவர்களல்ல. சீசனில் இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு மாறி மாறி வேலை செய்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஜிம்பாப்வேயின் வட எல்லையில் சாம்பேசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருபது வருடம் கழித்தவர், முதல் முறையாக தெற்கே சாவே பள்ளத்தாக்குப் பகுதிக்கு வந்தால் எந்த ஓடையில் செப்டம்பரிலும் தண்ணீர் நிற்கும், எந்தத் திட்டிலிருந்து மாலையில் காற்று திரும்பும் என்பது அவருக்குத் தெரியாது. "இந்தப் பகுதியில் எத்தனை சீசன்?" என்பது அவருடைய மொத்த அனுபவத்தைவிட முக்கியமான கேள்வி. அதோடு தடம் பார்க்கிற டிராக்கரைப் பற்றியும் கேளுங்கள். பத்து வருடம் ஒன்றாக நடந்த ஜோடி என்றால் பேச்சே தேவைப்படாது, விரல் அசைவில் வேலை நடக்கும். தன் டிராக்கரின் பெயரை, எத்தனை வருடமாகக் கூட இருக்கிறார் என்பதை, அவர் எதில் கெட்டிக்காரர் என்பதை நீங்கள் கேட்காமலே சொல்லத் தொடங்குகிற வழிகாட்டியிடம் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

இரண்டு விநாடிக் கணக்கு

ஓடி வரும் எருமை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். முப்பது மீட்டரில் அது கிளம்பினால் உங்களிடம் இருப்பது இரண்டு விநாடி. சிங்கம் அதைவிட வேகம், விநாடிக்கு 20 மீட்டரைத் தாண்டும். யானை மணிக்கு 25 கிலோமீட்டர் அளவில்தான் ஓடும், ஆனால் யானையை நெருங்குவதே பதினைந்து இருபது மீட்டருக்கு என்பதால் அங்கேயும் கணக்கு அதே இரண்டு விநாடிக்குத்தான் வருகிறது. பழகிய கை போல்ட்டை (அடுத்த தோட்டாவை ஏற்றும் கைப்பிடியை) இழுத்துத் தள்ளி மறுபடி குறிபார்க்க ஒன்றரை விநாடி ஆகும். அதாவது வழிகாட்டிக்குக் கிடைப்பது ஒரு குண்டு. இரட்டைக்குழல் வைத்திருந்தால் இரண்டு.

இதை வைத்துத்தான் அவருடைய துப்பாக்கியைப் பற்றிக் கேட்க வேண்டும். ஜிம்பாப்வே சட்டம் எருமை, யானை, நீர்யானைக்கு 9.2 மில்லிமீட்டர் விட்டமும் 5.3 கிலோஜூல் ஆற்றலும் குறைந்தபட்சம் என்கிறது. 300 கிரெய்ன் எடையுள்ள குண்டு போடும் .375 எச் அண்ட் எச் சுமார் 5.8 கிலோஜூல் தரும், ஆகவே வாடிக்கையாளருக்கு அது போதும். அவர் நின்று, முக்காலியில் (துப்பாக்கியைத் தாங்கும் மூன்று கால் குச்சியில்) சாய்த்து, நிதானமாக, எருமை பக்கவாட்டில் நிற்கும்போது சுடுகிறவர். அவருக்குத் துணையாக நிற்கும் வழிகாட்டி சுடுவது வேறு சுடுதல். எதிரே, தலை தூக்கி வரும் எருமையின் மண்டைக்குள்ளோ, திரும்பி ஓடும் எருமையின் பின்புறத்திலிருந்து உடல் முழுக்க ஊடுருவியோ குண்டு போக வேண்டும். அதற்கு .375ஐவிடப் பெரிய .416 ரிக்பி, .458 லாட், .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ், .500 நைட்ரோ எக்ஸ்பிரஸ் வரிசை. 500 கிரெய்ன் குண்டோடு .470 தருவது 7 கிலோஜூலுக்குச் சற்றே குறைவு, .458 லாட் 8 கிலோஜூலை நெருங்கும். .375 வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க வேலை செய்த நல்ல வழிகாட்டிகள் உண்டு. ஆனாலும் புதர்க்காட்டு வேலைக்கு .375தான் என்று ஒருவர் சொன்னால் காரணத்தைக் கேட்பேன்.

இரட்டைக்குழலா போல்ட்டா என்ற சண்டைக்கு முடிவே இல்லை, அதில் நேரம் செலவிடத் தேவையும் இல்லை. இரட்டைக்குழலில் இரண்டாவது குண்டு விரலை நகர்த்தும் நேரத்தில் போய்விடும், மூன்றாவதுக்கு மடித்துத் திறந்து நிரப்ப வேண்டும். போல்ட்டில் மூன்றாவது நான்காவது குண்டு வேகமாக வரும், இரண்டாவது தாமதம். மவுசர் வகைப் போல்ட்டில் உள்ள, நகம்போன்ற பெரிய கொக்கி தோட்டாவை ஆரம்பத்திலிருந்தே பிடித்துக்கொள்வதால், பதற்றத்தில் போல்ட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி தள்ளினாலும் இரண்டு தோட்டா சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. நான் உற்றுப் பார்ப்பது வேறொன்றை: துப்பாக்கி யார் தோளில் இருக்கிறது? தன் துப்பாக்கியை டிராக்கரிடம் கொடுத்துவிட்டுக் கைவீசி நடக்கிற வழிகாட்டி இரண்டு விநாடியில் ஒன்றை அதைக் கை நீட்டி வாங்குவதில் செலவழிப்பார். தோள்வாரில் முதுகுக்குப் பின் தொங்கவிடுவதும் ஏறக்குறைய அதேதான். புதருக்குள் நுழைந்ததும் வாரைக் கழற்றிவிட்டு இரு கையாலும் மார்புக்குக் குறுக்கே பிடிக்கிறவர் சரியான ஆள். தோட்டாவையும் கவனியுங்கள். அக்டோபரில் சாம்பேசிக் கரையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், வண்டியின் முன்பலகையில் கிடக்கும் தோட்டாவின் அழுத்தம் ஏறும், சுட்ட கூடு வெளியே வராமல் ஒட்டிக்கொள்ளும். தோட்டாவை இடுப்புப் பட்டையிலோ நிழலிலோ வைக்கிறாரா என்பது சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் அது அவர் எந்த மாதிரி ஆள் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றை முதல் நாளே பேசி முடிக்க வேண்டும்: அவர் எப்போது சுடுவார்? உங்கள் முதல் குண்டு பட்ட உடனே தானும் ஒன்று போடுகிறவர்கள் உண்டு. எருமை ஓடி மறையப்போகிறது என்றால் மட்டும் சுடுகிறவர்கள் உண்டு. பாய்ந்து வந்தாலொழிய விசையைத் தொடாதவர்களும் உண்டு. "என் எருமையை நான்தான் வீழ்த்த வேண்டும்" என்று வாடிக்கையாளர் கேட்பது இயல்பு. அதை எந்த எல்லை வரை ஏற்பேன், எந்த இடத்தில் மீறுவேன் என்று தெளிவாகச் சொல்லக்கூடியவரைத் தேடுங்கள். "நீங்கள் விரும்பியபடி" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் எனக்குப் பயத்தைத் தருகிறார். புதரின் ஓரத்தில் நிற்கும் எருமை இரண்டே தாவலில் மறைந்துவிடும். உங்கள் குண்டு வயிற்றில் பட்டதை அவர் கண்ணால் பார்த்திருப்பார். அந்த நொடியில் உங்கள் விருப்பத்தை மதித்துக்கொண்டு சும்மா நின்றால், அடுத்த நான்கு மணி நேரமும் ஒரு மனிதனின் உயிரும் பணயமாகிவிடும்.

அடிபட்ட எருமையின் பின்னால்

வழிகாட்டியின் தரம் முழுசாகத் தெரிவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மாலை நாலரை மணி. ஜெஸ் என்று அங்கே சொல்லும் புதர்க்காடு, ஆள் உயரத்துக்கு மேல் பின்னிக் கிடக்கும் சாம்பல் நிறக் குச்சிகள், வெயில் காலத்தில் இலை கொட்டியிருந்தாலும் பத்து மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. குண்டு போயிருக்கிறது, எருமை உள்ளே போய்விட்டது. நல்ல வழிகாட்டி முதலில் செய்வது எதுவும் செய்யாமல் இருப்பது. எருமை ஓடிய சத்தம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் நின்றது என்று காது கொடுப்பார். சாகும் எருமை ஒரு நீண்ட முனகலை விடும், ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அது கேட்டாலும் உடனே ஓட மாட்டார். இருபது நிமிடமாவது, பெரும்பாலும் அரை மணி நேரம் காத்திருப்பார். உடனே துரத்தினால் மிரண்டு எழுந்து இன்னும் தூரம் போகும், விட்டால் படுத்து விறைத்துப் போகும் என்பது ஒரு காரணம். வாடிக்கையாளரின் கை நடுக்கம் அடங்குவது இன்னொன்று. அந்த நேரத்தில் எருமை நின்ற இடத்தை மரத்தோடு அடையாளம் வைத்து, குண்டு எங்கே பட்டது என்று உங்களிடமும் டிராக்கரிடமும் தனித்தனியாகக் கேட்பார்.

பிறகு ரத்தம். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், பெரும்பாலும் இருநூறு மீட்டருக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பாகக் கெட்டியாக இருந்தால் ஈரல், அதற்கு நேரம் ஆகும். பச்சையாக, அரைபட்ட புல்லோடு கலந்திருந்தால் வயிறு, அன்றைய நாளின் மிக மோசமான செய்தி அதுதான். எருமையின் தோல் தடித்தது, ஓட்டையை மூடிக்கொள்ளும், ஆகவே ரத்தம் குறைவாக இருப்பதை வைத்து அடி லேசானது என்று முடிவு கட்டிவிட முடியாது. குச்சிகளில் எந்த உயரத்தில் ரத்தம் பூசியிருக்கிறது என்று பார்த்தால் காயம் எவ்வளவு மேலே என்று தெரியும். இலையின் ஓரத்தில் காய்ந்து நடுவில் ஈரமாக இருந்தால் எத்தனை நிமிடத்துக்கு முன்னால் போனது என்று டிராக்கர் சொல்லிவிடுவார்.

இப்போது வருவது அந்த முடிவு. உள்ளே போவதா, காலை வரை விடுவதா? வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு விடை, இருபது நிமிடம்தான் என்றால் வேறு விடை. காத்திருந்தால் இரவில் சிங்கமோ கழுதைப்புலியோ தின்றுவிடலாம், விலங்கு அவ்வளவு நேரம் துடிக்கும். உள்ளே போனால் கடைசி வெளிச்சத்தில் துப்பாக்கிக் குறிமுனை தெரியாது. அதோடு, யாருக்காவது கொம்பு பாய்ந்தால் விளக்கில்லாத ஓடுபாதையில் சிறு விமானம் இரவில் இறங்காது, விடியும்வரை ரத்தத்தை நிறுத்திவைக்க வேண்டியது முகாமில் உள்ளவர்களின் பொறுப்பாகிவிடும். இந்தக் கணக்கை உரக்கப் போட்டுக் காட்டுகிறவரையே நான் தேடச் சொல்கிறேன். பேட்டியின்போது இதே சூழ்நிலையை அவரிடம் சொல்லி "என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "உடனே போவேன், பயம் கிடையாது" என்று வந்தால் அடுத்த ஆளைப் பாருங்கள். அவர் திருப்பி உங்களிடம் கேள்வி கேட்கத் தொடங்கினால், அதாவது குண்டு எங்கே பட்டது, கூட எத்தனை எருமை, காற்று எந்தப் பக்கம், புதர் எவ்வளவு அகலம், வெளிச்சம் எவ்வளவு என்று கேட்டால், அவர் அந்த இடத்தில் நின்றிருக்கிறார்.

உள்ளே போகும் வரிசையையும் சொல்லச் சொல்லுங்கள். டிராக்கரின் கண் தரையில் இருக்கும், அவர் கையில் ஆயுதம் இருக்காது. அவரை ஒட்டி, அரை அடி பின்னால் பக்கவாட்டில் வழிகாட்டி. அவர் கண் தரையைப் பார்க்கவே கூடாது, முன்னால்தான். சில எட்டு வைத்து நிற்பது, குனிந்து புதரின் அடியில் பார்ப்பது, மறுபடி சில எட்டு. மேலே பின்னிக் கிடந்தாலும் முழங்கால் உயரத்தில் கிளைகள் குறைவு, எருமையின் கால் முதலில் அங்கேதான் தெரியும். வாடிக்கையாளரை அழைத்துப் போவதா என்பது வழிகாட்டியின் முடிவு. அழைத்தால் அவருக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கி, துப்பாக்கி முனை யாருடைய முதுகையும் பார்க்காதபடி வைப்பார். காயம்பட்ட எருமை வந்த தடத்தையே வளைத்துத் திரும்பி, காற்று தன் பக்கம் வரும்படி ஓரத்தில் படுத்துக் காத்திருக்கும் என்று சொல்வது கட்டுக்கதையல்ல. தடம் திடீரென்று காற்றின் திசைக்கு வளையத் தொடங்கினால் நல்ல டிராக்கர் நின்றுவிடுவார், கையைத் தாழ்த்துவார். எருமையின் முதுகில் உண்ணி பொறுக்கும் பறவைகள் சீறிக்கொண்டு எழும்பினால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதற்கும் தெரிந்துவிடும்.

கண்டுபிடித்தபோது விழுந்து கிடந்தாலும் பின்பக்கமாகப் போய், தோள்களுக்கு நடுவே இன்னொரு குண்டு, பிறகு நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்ப்பது. செத்துவிட்டதென்று முன்னால் போய் நின்றவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். எல்லாம் தெரிந்தவர்களுக்கும் இது நடக்கிறது. 2012ல் ஜிம்பாப்வேயில் வாடிக்கையாளர் காயப்படுத்திய எருமையை மூன்று நாள் தொடர்ந்து போன மூத்த வழிகாட்டி ஒருவர் அதே எருமையால் கொல்லப்பட்டார். 2015ல் சாம்பேசிப் பள்ளத்தாக்கில், மதம் பிடித்த இளம் ஆண் யானை எல்லோராலும் மதிக்கப்பட்ட இன்னொருவரைக் கொன்றது. இவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அனுபவம் இந்த ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. இந்த உண்மையை வாடிக்கையாளரிடம் மறைக்காத வழிகாட்டியே வேண்டும்.

அதனால்தான் அவரிடம் நேராகக் கேளுங்கள்: "கடந்த இரண்டு சீசனில் எத்தனை விலங்கு காயத்தோடு போயின? ஒவ்வொன்றும் எப்படி முடிந்தது?" ஒன்றுகூட இல்லை என்பவர் போதுமான வேட்டை நடத்தியதில்லை, இல்லையென்றால் உண்மை பேசவில்லை. "மூன்று, இரண்டு அன்றே கிடைத்தன, ஒன்று நாலு நாள் தேடியும் கிடைக்கவில்லை, என்ன தவறு நடந்தது தெரியுமா" என்று தொடங்குகிறவர் பேசட்டும், குறுக்கே பேசாதீர்கள்.

வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்

கிழ எருமைக் காளையின் இரு கொம்பும் நெற்றியில் சேருமிடம் பாறைபோல இறுகி, ரோமமே இல்லாமல் இருக்கும். இளங்காளைக்கு அந்த இடம் மென்மையாக, நடுவில் ரோமத்தோடு இருக்கும். கொம்பின் அகலம் இளங்காளைக்கும் நிறைய இருக்கலாம், புகைப்படத்தில் பெரிதாகத் தெரியும். வழிகாட்டியின் படங்களைப் பார்க்கும்போது கொம்பின் நீளத்தை விட்டுவிட்டு நெற்றியைப் பாருங்கள். படத்துக்குப் படம் நெற்றியில் ரோமம் தெரிந்தால், இனப்பெருக்க வயதில் உள்ள காளைகளைச் சுட விடுகிறார் என்று அர்த்தம். வாடிக்கையாளர் அவசரப்பட்டபோது தடுக்காதவர் மற்ற அவசரங்களையும் தடுக்க மாட்டார். தேய்ந்த கொம்பும் கிழிந்த காதுமாக, அழகில்லாத கிழக் காளைகள் வரிசையாக இருந்தால் அந்த ஆளுக்கு மறுக்கத் தெரியும்.

மறுப்பதற்கு விலை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. கடைசி நாள், வாடிக்கையாளர் முகம் வாடியிருக்கிறது, அன்பளிப்பும் அடுத்த வருட முன்பதிவும் அந்த ஒரு சுடுதலைத்தான் நம்பியிருக்கின்றன. விலங்குக் கட்டணத்தில் பங்கு வாங்கும் ஏற்பாட்டில் வேலை செய்கிறவருக்கு ஒவ்வொரு மறுப்பும் சொந்த நட்டம். அவருக்கு எப்படிச் சம்பளம் தருகிறீர்கள் என்று நிறுவனத்திடம் கேட்பது நாகரிகக் குறைவு ஆகாது. காயப்படுத்தினால் விலங்கு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முழுக் கட்டணம் என்பது எல்லா இடத்திலும் உள்ள நடைமுறை, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். யார் முடிவு செய்வது, ஒரு துளி ரத்தம் போதுமா என்பதும் அதில் இருக்கட்டும்.

யானை விஷயத்தில் மறுப்பு இன்னும் முக்கியம். தலையில் சுடும்போது குறி, இரு காதுத் துளையையும் இணைத்து ஒரு கம்பு குத்தியதாக வைத்துக்கொண்டால் அந்தக் கம்பின் நடுப்பகுதி. பக்கவாட்டில் நின்றால் கணக்கு எளிது. நேரே நிற்கும் யானை தலையைத் தூக்கினால் குறி கீழே இறங்கும், தாழ்த்தினால் மேலே ஏறும். பதினைந்து மீட்டரில் இந்தக் கோணத்தை வாடிக்கையாளரின் காதில் நாலு வார்த்தையில் சொல்லத் தெரிய வேண்டும், கோணம் சரியில்லை என்றால் பின்வாங்கத் தெரிய வேண்டும். காதை விரித்து, தலையை உயர்த்தி, பிளிறிக்கொண்டு வருவது பெரும்பாலும் மிரட்டல். காதை ஒட்டி, துதிக்கையைச் சுருட்டி, சத்தமில்லாமல் வருவது மெய். ஆனால் மிரட்டலாகத் தொடங்கியது நடுவழியில் மெய்யாக மாறியதும் உண்டு. பயிரை அழிக்கும் யானைகளை ஊராருக்காக விரட்டிய அனுபவம் உள்ளவர்கள், பெண் யானைக் கூட்டத்துக்குள் போய் எதையும் சுடாமல் வெளியே வந்தவர்கள் இந்த வேறுபாட்டை உடம்பால் கற்றவர்கள். நின்று, கத்தி, தொப்பியை வீசி எத்தனை யானைகளைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்து யானை வழிகாட்டியிடம் கேட்கக்கூடிய சிறந்த கேள்வி இதுதான்.

யாரிடம் விசாரிப்பது

நிறுவனம் தரும் பெயர்ப் பட்டியலில் சந்தோஷமாகத் திரும்பியவர்கள் மட்டுமே இருப்பார்கள். வெறுங்கையோடு திரும்பிய ஒருவரின் தொடர்பு வேண்டும் என்று கேளுங்கள். விலங்கு காயப்பட்டுப்போன வேட்டையில் இருந்த ஒருவர் கிடைத்தால் அதைவிட நல்லது. அவரிடம் எத்தனை அங்குலக் கொம்பு என்று கேட்க வேண்டாம். அடிபட்ட பிறகு வழிகாட்டியின் குரல் மாறியதா, டிராக்கரை எப்படி நடத்தினார், ராத்திரி குடித்தாரா, காலையில் சொன்ன நேரத்துக்கு எழுந்தாரா என்று கேளுங்கள். முதலுதவிப் பெட்டியில் ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப்பட்டை இருந்ததா, அது வண்டியில் கிடந்ததா, நடக்கும்போது யாராவது முதுகில் சுமந்தார்களா? சாட்டிலைட் போன் வேலை செய்ததா? விமான மீட்புச் சேவையில் உறுப்பினரா? வண்டியிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒருவருக்குத் தொடையில் கொம்பு பாய்ந்தால், வண்டியில் கிடக்கும் இறுக்குப்பட்டையால் ஒரு பயனும் இல்லை.

ஒப்பந்தத்தில் பெயரைப் போடச் சொல்லுங்கள். அவருக்கு உடல்நலமில்லாமல் போனால் யார் மாற்று, அந்த ஆளை ஏற்க முடியாவிட்டால் தேதியை மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ உரிமை உண்டா என்ற வரியும் இருக்கட்டும். ஒப்புக்கொள்ளாத நிறுவனங்கள் உண்டு. சீசன் நடுவில் யாரை எங்கே அனுப்புவோம் என்று அவர்களுக்கே அப்போது தெரியாது, அதுதான் காரணம்.

கேள்வி கேட்பது ஒருவழிப் பாதையாக இருந்தாலும் யோசிக்க வேண்டும். நல்ல வழிகாட்டி முன்பதிவுக்கு முன்பே உங்களைக் குடைவார். முழங்கால் எப்படி, வெயிலில் பதினைந்து கிலோமீட்டர் நடக்க முடியுமா, காது கேட்கிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அந்தத் துப்பாக்கியில் இதுவரை எத்தனை தோட்டா சுட்டிருக்கிறீர்கள், அதில் எத்தனை நின்றபடி? பெஞ்சில் சாய்த்து நூறு மீட்டரில் ஒரே ஓட்டையில் மூன்று குண்டு போட்டேன் என்றால் அவருக்கு அது பெரிதாகப் படாது. முக்காலியில் வைத்து ஐம்பது மீட்டரில் ஒன்று, உடனே முக்காலியை விட்டுவிட்டு இருபத்தைந்து மீட்டரில் கையால் ஒன்று, இரண்டும் ஒரு தட்டின் அளவுக்குள், ஐந்து விநாடிக்குள். இதைச் செய்ய முடியுமா என்றுதான் கேட்பார்.

முகாமுக்குப் போன முதல் மதியமே இதைச் சோதித்தும் பார்ப்பார். அட்டைப் பெட்டியில் எருமை வரைந்து, முன்கால் வரிசையில் உடம்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் கரியால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் நின்று பார்ப்பார். குண்டு எங்கே பட்டது என்பதைவிடச் சுட்டபின் உங்கள் கை என்ன செய்கிறது என்பதில் அவர் கண் இருக்கும்: அடுத்த தோட்டாவை ஏற்றுகிறீர்களா, தலையைத் தூக்கி வேடிக்கை பார்க்கிறீர்களா? வேடிக்கை பார்த்தால் நாலு முறை மறுபடி செய்யச் சொல்வார். பிறகு "சுடு", "நில்", "மறுபடி", "உட்கார்" என்று நாலே சொற்களை முடிவு செய்வார், துப்பாக்கிச் சத்தத்தில் காது அடைத்திருக்கும்போது அதற்கு மேல் எதுவும் ஏறாது. உங்கள் சுடுதல் அவருக்குத் திருப்தி தரவில்லையென்றால் அறுபது மீட்டரில் சுட அனுமதிக்க மாட்டார், முப்பதுக்குள் கொண்டுபோவேன் என்பார். இந்த மதியச் சோதனையே இல்லாமல் "நாளைக்கு விடிகாலையில் கிளம்பலாம்" என்று ஒருவர் சொன்னால், நீங்களே அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஒரு அரை மணி நேரம் என்னோடு நில்லுங்கள்" என்று அவரிடம் கேளுங்கள்.